மானிடவியல் படிச்சா வேலை கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.எஸ்சி ஜுவாலஜி முடிச்சிருக்கேன், எம்.ஏ ஆந்த்ரோபாலஜி, அதாவது மானிடவியல் சேரணும்னு ஆசை. அப்பா "எலும்பை எண்ணுற படிப்புக்கு எவன் வேலை குடுப்பான், ஒழுங்கா பி.எட் போ"ன்னு சொல்றார். என்ன பண்றது சார்? – வாசகி, திண்டிவனம்

பதில்: அப்பா கேக்குறதுல தப்பே இல்லம்மா. எலும்பு மட்டும் இல்ல, மனுஷனோட பரிணாமம், வாழ்க்கை முறை, பழக்கவழக்கம் எல்லாத்தையும் ஆராயுற படிப்பு இது, ஆனாலும் 'ஆந்த்ரோபாலஜிஸ்ட் தேவை'ன்னு பேப்பர்ல விளம்பரம் வர்றது அபூர்வம்தான். அந்தப் பேரைச் சொல்லியே வேலை குடுக்குற பெரிய இடம்னா மத்திய அரசோட இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம், 1945ல ஆரம்பிச்சது, தலைமையகம் கொல்கத்தா, நமக்குப் பக்கம்னா மைசூர்ல ஒரு மையம் இருக்கு, ஆனா போஸ்டிங் எப்பவாவதுதான் வரும், அதையே நம்பி உக்காந்துடாதீங்க. மியூசியம், ஊட்டியில இருக்குற பழங்குடியினர் ஆய்வு மையம், யூஜிசி நெட் தகுதித் தேர்வு எழுதி காலேஜ் லெக்சரர், இப்படிக் கொஞ்சம் இருக்கு.

மத்த வேலையெல்லாம் வேற பேர்ல வரும், அங்கதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறாங்க. 2014ல மேற்கு ஆப்பிரிக்காவுல எபோலா பரவுச்சுல்ல, செத்தவங்க உடம்பைத் தொட்டுக் குளிப்பாட்டி அடக்கம் பண்றது அங்க வழக்கம், நோய் பரவுனதுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். சுகாதாரக் குழு ஆளுங்க கவச டிரெஸ் போட்டுக்கிட்டு வந்து உடம்பைத் தூக்கிட்டுப் போனதும் ஜனங்க பயந்து பொணத்தையே ஒளிச்சு வச்சாங்க. அப்புறம் மானிடவியல்காரங்க ஊர்ப் பெரியவங்க கிட்ட உக்காந்து பேசி, குடும்பத்து ஆளுங்க தள்ளி நின்னு பாக்கலாம், பிரார்த்தனை பண்ணலாம், தொட மட்டும் வேணாம்னு ஒரு வழி கொண்டு வர உதவினாங்க. பப்ளிக் ஹெல்த் ப்ராஜெக்ட், என்ஜிஓ வேலையெல்லாம் இந்த ரகம்தான்.

கம்பெனிலயும் இருக்கு. 1980கள்ல ஜெராக்ஸோட பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்துல லூசி சச்மன்னு ஒரு ஆந்த்ரோபாலஜிஸ்ட், புது காப்பி மெஷின் முன்னாடி ஆளுங்களை நிக்க வச்சு வீடியோ எடுத்தாங்க, கம்ப்யூட்டர் விஞ்ஞானிங்களே ரெண்டு பக்கக் காப்பி எடுக்கத் தெரியாம முழிச்சாங்க! குறை ஆள்கிட்ட இல்ல, மெஷின்லதான்னு அப்பதான் புரிஞ்சுது. இன்னைக்கு ஐடி கம்பெனிங்க யூசர் ரிசர்ச்னு சம்பளம் குடுத்து ஆள் எடுக்குறது கிட்டத்தட்ட இதே வேலைக்குத்தான்.

அதனால சேருங்க, ஆனா வெறும் டிகிரியோட வெளிய வராதீங்க. ஃபீல்ட் ரிப்போர்ட்டை நல்லா எழுதக் கத்துக்கோங்க, கூடவே கொஞ்சம் புள்ளியியல், இல்லன்னா ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போட்டுத் தகவலை அலசுறது), ஏதாவது ஒண்ணு கையில இருக்கணும். ஜுவாலஜி படிச்சது வீணாகாது, மனிதப் பரிணாமம், ஜெனிடிக்ஸ் எல்லாம் உங்களுக்குப் பாதி தெரிஞ்ச பாடம்தான். சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ரெண்டுலயும் இதுக்குத் தனித் துறையே இருக்கு, திண்டிவனத்துல இருந்து ரெண்டுமே பஸ் தூரம்தானே.

கேள்வி: ஐஏஎஸ் தேர்வுக்கு ஆந்த்ரோபாலஜியை ஆப்ஷனலா (விருப்பப் பாடமா) எடுத்தா மார்க் அள்ளலாம்னு சொல்றாங்களே? – வாசகர், தர்மபுரி

பதில்: ரெண்டு பேப்பர், 500 மார்க். மத்ததை விட சிலபஸ் சின்னது, படம் போட்டு எழுதலாம், இன்ஜினியரிங் பசங்க கூட நிறைய எடுக்குறாங்க. ஆனா ரெண்டாவது பேப்பர் முழுக்க இந்தியா, அதுலயும் பழங்குடிகள் பத்தி நிறைய வரும், கோச்சிங் நோட்ஸை மட்டும் மனப்பாடம் பண்ணவன் அங்க மாட்டிப்பான். ஆப்ஷனலுக்காக மட்டும் ரெண்டு வருஷம் எம்.ஏ படிக்கிறதுல அர்த்தம் இல்ல தம்பி.

கேள்வி: ஃபீல்ட் வொர்க்னா பொண்ணுங்க தனியா காட்டுக்குப் போகணுமா? – வாசகி, பழனி

பதில்: எம்.ஏ-ல பெரும்பாலும் வகுப்பே மொத்தமா, வாத்தியாரோட போய் ஒரு கிராமத்துல தங்குவாங்க. பிஎச்டிக்குத்தான் தனியா நெடுநாள் தங்கணும். அதுவும் காடுதான்னு இல்ல, கோயம்பேடு மார்க்கெட்லயும் உக்காந்து பண்ணலாம், நைட் லோடு இறங்குற நேரத்துக்கு முழிச்சிருக்கணும் அவ்ளோதான்.