பலகையும் பலகணியும்

அன்புள்ள ஐயா,

முனையத்திரையில் ஓடும் ஒரு நிரலைச் சி மொழியில் எழுதி வருகிறேன். சர்வரின் நடவடிக்கைகள் வரிவரியாகப் பதிவாகும் லாக் கோப்பை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்திப் பார்ப்பதற்காக, முனையத்திரையில் எழுத்துகளை வரைய உதவும் என்கர்சஸ் நூலகத்தின் ‘பேட்’ ஒன்றை, அதாவது திரையைவிடப் பெரிதாகவும் இருக்கக்கூடிய எழுதுபரப்பு ஒன்றை, உருவாக்கினேன். எழுதிய வரிகள் திரையில் நிற்பதில்லை. விசைக்காகக் காத்திருக்கும் இடத்துக்கு வந்ததும் வெறுமையாகிவிடுகின்றன. 40,000 வரிகள் கேட்டால், பேடை உருவாக்கும் நியூபேட் அழைப்பு வெறும் ‘நல்’ (ஒன்றுமில்லை என்ற விடை) தருகிறது. இந்த நூலகத்தின் சாதாரண விண்டோவைத் திரையில் காட்ட ரெஃப்ரெஷ் என்று சொன்னால் போதும். பேடுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஆறு எண்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது. தானாக நகரக்கூடத் தெரியாத இந்தப் பழைய நூலகத்தை ஏன் இன்னும் சுமக்க வேண்டும்? பிரவுசரிலேயே எழுதிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் என் பழைய நிரல் ஒன்றை நானே திறந்து படித்துக்கொண்டிருந்தேன். அதில் பாதிப் பக்கத்துக்கு அந்த ஆறு எண்கள்தாம் இருந்தன. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் திரை வெறுமையாவதைப் பார்த்துவிடுவோம். கெட்ச் என்ற அழைப்பு விசைக்காகக் காத்திருப்பதற்கு முன்னால் முதன்மைத் திரையைத் தானே புதுப்பிக்கும். அந்தத் திரையில் நீங்கள் எதையும் எழுதவில்லை. ஆகவே அதன் வெற்றிடம் உங்கள் பேடின்மேல் படிந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்துவிடுங்கள், அல்லது டபிள்யூ-கெட்ச் வழியாகப் பேடிலிருந்தே விசையை வாங்குங்கள். பிரவுசரில் எழுதலாமா என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்த நிரலைப் பயன்படுத்தப் போகிறவர்களைக் கேளுங்கள்.

‘நல்’ வந்ததற்காக நூலகத்தின்மேல் கோபப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமற்றது. என்கர்சஸ் ஒரு பேடின் நீள அகலங்களைப் பதினாறு பிட் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 32,767 வரிகளுக்கு மேல் அதற்குக் கணக்கில்லை. கணக்கு இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பீர்கள்? நூலகத்தின் யூனிகோடு எழுத்துகளைக் காட்டும் வடிவத்தில், ஓர் எழுத்து நிற்கும் ஒரு கட்டத்துக்கு 28 பைட் நினைவகம் ஆகிறது. 30,000 வரிகள், வரிக்கு 200 கட்டங்கள் என்றால் பதினாறு கோடியே எண்பது லட்சம் பைட், அதில் பெரும்பகுதி வெற்றிடம். லாக் கோப்புக்குப் பேட் தேவையே இல்லை. முனையத்தில் கோப்புகளைப் படிக்க உதவும் லெஸ் நிரலைப் பாருங்கள்: எத்தனை பெரிய கோப்பானாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டிய இருபத்து சொச்சம் வரிகளை மட்டும் அது வரைகிறது. நீங்களும் மேல் வரியின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு சாதாரண விண்டோவில் அப்படியே வரையுங்கள். நெல் கொட்ட வேண்டியது களஞ்சியத்தில்; எழுதுபலகையில் கொட்டிவிட்டுப் பலகை சிறியது என்று குறைசொல்லக் கூடாது.

நான் உண்மையில் பேச விரும்புவது அந்த ஆறு எண்களைப் பற்றி. விண்டோவுக்குத் திரையில் ஓர் இடம் உண்டு. உருவாக்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறோம். பேடுக்கு இடம் கிடையாது. அது திரைக்குப் பின்னால், நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஒரு பலகை. பேடைத் திரையில் காட்டும் பிரெஃப்ரெஷ் அழைப்பின் முதல் இரண்டு எண்கள் பலகையின் எந்த மூலையிலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்கின்றன. மற்ற நான்கும் திரையில் எந்தச் செவ்வகத்தில் அது தெரிய வேண்டும் என்பதை. பலகை ஒன்று, பலகணி வேறு. எழுதியதையும் பார்ப்பதையும் இப்படிப் பிரித்து வைத்ததால்தான் ஒரே பலகையைப் பல பலகணிகள் வழியாக ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது. தானாக நகரும் பேட் ஒன்றை உங்களுக்குக் கொடுத்திருந்தால் இந்தச் சுதந்திரம் போயிருக்கும்.

இதை எனக்குக் கற்பித்தவர் நிரல் எழுதத் தெரியாத ஒருவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவுக்கு நிலுவைப் பட்டியலைத் திரையில் காட்டும் நிரல் எழுதினேன். பட்டியல் லைன் பிரிண்டர் தாளுக்கென்று அமைந்தது, 132 எழுத்து அகலம். மேசைகளில் இருந்தவையோ 80 எழுத்தும் 24 வரியும் கொண்ட டெர்மினல்கள். நான் 132 அகலத்தில் ஒரு பேட் அமைத்து, அம்பு விசைகளால் வலப்பக்கம் நகரும்படி செய்தேன். மூத்த கணக்கர் ஒருவர் அதைப் பயன்படுத்தும்போது கண்ணாடித் திரைமேல் மர அடிக்கோலை வைத்துப் பிடித்திருந்தார். காரணம் கேட்டேன். “தம்பி, தொகை தெரியுது, அது யாரோட தொகைன்னு தெரியலையே” என்றார். வலப்பக்கம் நகர்ந்ததும் பார்ட்டியின் பெயர் இடப்பக்கமாக மறைந்துவிடுகிறது; வரி தவறாமலிருக்க அவர் கோலை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தார். என் நிரல் சரியாக நகர்ந்தது என்ற நினைப்பில் நான் அதுவரை அவர் கையைக் கவனிக்கவே இல்லை.

அன்றிரவு திரையை நான்காகப் பிரித்தேன். இடது மேல் மூலை அசையாது. தலைப்புள்ள மேல் இரண்டு வரிகள் பக்கவாட்டில் மட்டும் நகரும். பெயர்கள் நிற்கும் இடது இருபது கட்டங்கள் மேலும் கீழும் மட்டும் நகரும். எஞ்சிய பெரிய பகுதி இரு திசையிலும் நகரும். பலகை அதே ஒன்றுதான். ஒரு எழுத்தைக்கூட இரண்டாம் முறை எழுதவில்லை. கீழே அவர் எவ்வளவு போனார், வலப்பக்கம் எவ்வளவு போனார் என்ற இரண்டே மாறிகள் நான்கு அழைப்புகளுக்கும் போதுமாக இருந்தன. நீங்கள் சலித்துக்கொண்ட அந்த எண்கள் இல்லையென்றால் இதற்கு நான்கு விண்டோக்களை உருவாக்கி, ஒவ்வொரு அசைவுக்கும் நான்கிலும் திரும்ப எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

அதில் ஒரு பிழையும் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். நான்கு முறை பிரெஃப்ரெஷ் அழைத்தேன். அந்த இணைப்பு 9600 பாட், அதாவது நொடிக்கு 960 எழுத்து. 1,920 கட்டங்களை முழுவதும் அனுப்பினால் இரண்டு நொடி ஆகும். திரையில் இப்போது இருப்பதையும் இனி இருக்க வேண்டியதையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்புவதுதான் என்கர்சஸுக்கு முன்னோடியான கர்சஸ் நூலகத்தின் அடிப்படை வேலை. பெர்க்லியில் கென் ஆர்னால்ட் அதை எழுதிய காலத்தில் நொடிக்கு முப்பது எழுத்து அனுப்பும் இணைப்புகளும் புழக்கத்தில் இருந்தன. நான்கு முறை தனித்தனியே அனுப்பினால் தலைப்பு முதலில் நகர்ந்து, பெயர்களும் தொகைகளும் பின்னால் வந்து சேர்கின்றன. இடைப்பட்ட நேரத்தில் தப்பான பெயருக்கு நேராகத் தப்பான தொகை நிற்கிறது. கணக்குத் திரையில் அது ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. மாற்றங்களைத் திரைக்கு அனுப்பாமல் சேர்த்து மட்டும் வைக்கும் பி-நவுட்-ரெஃப்ரெஷ் நான்கு முறை, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பும் டூ-அப்டேட் ஒரே ஒரு முறை. இன்றைய வேகத்தில் வித்தியாசம் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். தொலைவிலுள்ள சர்வருக்கு எஸ்எஸ்எச் என்ற தொலைமுனைய இணைப்பு வழியாகப் போய்ப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று: பயனர் சாளரத்தைச் சுருக்கினால் நீங்கள் கொடுத்த கீழ் மூலை திரைக்கு வெளியே போய்விடும். அப்போது பிரெஃப்ரெஷ் பிழையைத் திருப்பித் தந்துவிட்டு எதையும் வரையாது. சாளரத்தின் அளவு மாறியதைச் சொல்லும் ‘கீ-ரீசைஸ்’ வரும்போதெல்லாம் அந்தக் கடைசி இரண்டு எண்களைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

லாக் கோப்பை விட்டுவிட்டு, உங்களிடம் உள்ள ஓர் அகலமான அட்டவணையை எடுத்து இந்த நான்கு பலகணிகளோடு எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கர் மறுநாள் காலை அரைமணி நேரம் பட்டியலைப் பார்த்தார். பிறகு அடிக்கோலை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார்.