டெண்டர்ல ஒரே கம்பெனி பேரு போட்டிருக்கு, சின்ன பேவர் பிளாக் யூனிட்காரர் என்ன பண்ணலாம்?

கரூர் பக்கம் பேவர் பிளாக் யூனிட் வச்சிருக்கற ஒருத்தர் எழுதியிருக்கார். பக்கத்து பேரூராட்சியில தெருக்களுக்கு பேவர் பிளாக் போட 42 லட்சத்துக்கு டெண்டர் வந்திருக்கு, ஸ்பெசிபிகேஷன்ல ஒரு கம்பெனி பேர போட்டு "இந்த மேக் மட்டும்"னு இருக்கு, நோட்டீஸ் வந்த நாள்லருந்து கடைசி தேதிக்கு எட்டே நாள்தான். இதுக்கு நடுவுல தெரிஞ்ச காண்ட்ராக்டர் ஒருத்தர் போன் பண்ணி, "நீங்க ஒரு சப்போர்ட் டெண்டர் போடுங்க, ரேட்ட கொஞ்சம் ஏத்தி போட்டா போதும், அடுத்த வேலை உங்களுக்கு"ங்கறார். "நான் போட்டியில நிக்கட்டுமா, புகார் குடுக்கட்டுமா, இல்ல அவர் சொல்றத கேட்டுக்கட்டுமா சார்?"னு கேள்வி.

போன்ல வந்த விஷயத்த மொதல்ல முடிச்சிருவோம். அத தொடாதீங்க. "நான் தோக்கத்தானே போறேன், என் மேல என்ன தப்பு"னு பல பேர் நினைக்கறாங்க, ஆனா போட்டிச் சட்டம் 2002ல பிரிவு 3(3) ஜெயிச்சவன் தோத்தவன்னு பிரிச்சு பாக்காது, ஒரே தொழில்ல இருக்கறவங்க பேசி வச்சு டெண்டர்ல போட்டிய குறைச்சா அதுவே குற்றம், ஏத்தி போட்டு தோத்துக்குடுத்தவரும் அதுல பங்காளி. அபராதம் அந்த கூட்டு நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் லாபத்துல மூணு மடங்கு, இல்லன்னா டர்ன்ஓவர்ல 10 சதவீதம், எது ஜாஸ்தியோ அது வரைக்கும் போகலாம். இதெல்லாம் யாரு கண்டுபிடிக்கப் போறாங்கன்னு கேப்பீங்க. புனே மாநகராட்சியோட குப்பை பிளான்ட் டெண்டர்கள்ல வேற வேற பேர்ல வந்த பிட் ஒரே ஐபி அட்ரஸ்லருந்து ஏறியிருந்தது, 2018ல சிசிஐ, அதாவது இந்திய போட்டி ஆணையம், அத சாட்சியா எடுத்து அபராதம் போட்டுச்சு. நம்ம ஊர்லயும் ஒரே கம்ப்யூட்டர் சென்டர்ல ஒரே பையன் மூணு பேரோட டிஎஸ்சி டோக்கனையும் (டிஜிட்டல் கையெழுத்து) வச்சுக்கிட்டு ஏத்தி விடறான், அது எவ்வளவு பெரிய வினைன்னு அவனுக்கும் தெரியாது டோக்கன குடுத்தவருக்கும் தெரியாது. சின்ன கம்பெனின்னா கொஞ்சம் இரக்கம் காட்டறதும் உண்டு, 2020ல ரயில்வேக்கு பிரேக் பிளாக் சப்ளை பண்ணவங்க கூட்டு சேந்தது நிரூபணமாகியும், பல பேரு சிறு குறு தொழில்ங்கறதால சிசிஐ அபராதம் போடாம இனிமே பண்ணாதீங்கன்னு உத்தரவு மட்டும் போட்டுச்சு. அத நம்பி எறங்கிடாதீங்க.

இப்ப "இந்த மேக் மட்டும்" விஷயத்துக்கு வருவோம், உங்க கேள்வியோட உயிரே இதுதான்.

பேவர் பிளாக்குக்கு ஐஎஸ் 15658னு தரம் இருக்கு, உங்களுக்கு தெரியாததில்ல. லேசான போக்குவரத்துக்கு எம்-35 கிரேடு, 60 எம்எம் தடிமன், நடுத்தரத்துக்கு எம்-40, 80 எம்எம்னு 2006 பதிப்புலயே பிரிச்சு வச்சிருக்காங்க, தண்ணி உறிஞ்சறது சராசரி 6 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னும் இருக்கு. அதாவது அளந்து பாத்து இது சரி இது சரியில்லன்னு சொல்ல முடிஞ்ச பொருள் இது. அப்படி அளக்க முடிஞ்ச பொருளுக்கு கம்பெனி பேரு எதுக்கு? மத்திய அரசோட பொது நிதி விதிகள், ஜிஎப்ஆர் 2017ல விதி 144 இதத்தான் சொல்லுது, வாங்கற பொருளோட விவரம் பொதுவா, அளக்கற மாதிரி இருக்கணும், குறிப்பிட்ட பிராண்டு வேணும்னு கேக்கக்கூடாது. அது பேரூராட்சிய நேரடியா கட்டுப்படுத்தாது, உண்மைதான், ஆனா கடிதத்துல எடுத்துக்காட்டா வைக்க தாராளமா ஆகும். நம்ம பக்கம் பாக்க வேண்டியது தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் 1998, அதோட விதிகள் 2000.

எப்பவும் ஆபீஸ கெட்ட எண்ணத்தோட பாக்கவும் வேணாம். எஸ்டிமேட் போடற ஏஈ (உதவிப் பொறியாளர்) பழைய பைல்லருந்து காப்பி பண்ணுவார், அந்த பழைய பைல்ல யாரோ ஒரு கம்பெனிக்காரர் கேட்லாக் குடுத்துட்டு போனது அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். நான் டெண்டர் ஸ்க்ரூட்டினில உக்காந்த வருஷங்கள்ல இப்படி வந்தத நெறைய பாத்திருக்கேன், ஒரு கடிதம் வந்தா மாத்திட்டு கொரிஜெண்டம், அதாவது திருத்த அறிவிப்பு, போட்டுருவாங்க, பெரிய சண்டையே இருக்காது. திட்டம் போட்டு பண்ணியிருந்தாலும் அந்த கடிதம்தான் உங்களுக்கு ஆயுதம்.

அதனால இன்னைக்கே செயல் அலுவலருக்கு எழுதுங்க. "என் கம்பெனிய ஏன் சேக்கல"னு எழுதாதீங்க, அது சொந்த புலம்பலா போயிரும். இப்படி கேளுங்க: "ஸ்பெசிபிகேஷன்ல குறிப்பிட்ட தயாரிப்புக்கு பதிலா, ஐஎஸ் 15658படி இன்ன கிரேடு, இன்ன தடிமன், அதற்கு இணையான எந்தத் தயாரிப்பும் ஏற்கப்படும் என்று திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இல்லையெனில் அந்தத் தயாரிப்பு மட்டுமே தேவைப்படுவதற்கான தொழில்நுட்பக் காரணத்தைத் தெரிவிக்கவும்." ரெண்டாவது வரிதான் முக்கியம், காரணத்த எழுத்துல குடுங்கன்னு கேட்டா யாரோ ஒருத்தர் கையெழுத்து போட்டாகணும், அங்கதான் யோசிப்பாங்க. கூடவே உங்க ஐஎஸ்ஐ லைசென்ஸ், இல்லன்னா என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப் ரிப்போர்ட் நகல வைங்க.

அதே கடிதத்துலயே எட்டு நாள் கணக்கையும் கேளுங்க. 2000 விதிகள்ல 20வது விதி, 2 கோடி வரைக்குமான டெண்டருக்கு அறிவிப்பு வந்ததுலருந்து கொறஞ்சது 15 நாள் குடுக்கணும், அதுக்கு மேலன்னா 30 நாள். குறைக்கணும்னா மேலதிகாரி காரணம் எழுதி அனுமதி குடுத்திருக்கணும். அந்த அனுமதியோட நகல் வேணும்னு கேளுங்க. ஆர்டிஐ போட்டுக்கலாம்னு இருந்துடாதீங்க, அது 30 நாள் விவகாரம், பதில் வர்றப்ப வேலையே பாதி முடிஞ்சிருக்கும்.

கடிதம் குடுத்துட்டு, முடிஞ்சா டெண்டரும் போடுங்க. கடைசி தேதிக்கு முன்னாடி வாயத் தொறக்காம டெண்டர் போட்டு, தோத்த பிறகு "கண்டிஷனே தப்பு"ன்னு கோர்ட்டுக்கு போனா பெரும்பாலும் எடுபடாது, "தெரிஞ்சுதானே கலந்துக்கிட்ட"ன்னு கேப்பாங்க. டெண்டரே போடலன்னா 1998 டெண்டர் சட்டத்துல இருக்கற அப்பீல் வழியும் போயிரும், ஏன்னா பிரிவு 11படி அப்பீல் டெண்டர் போட்டவருக்குத்தான், அதுவும் உத்தரவு கைக்கு வந்ததுலருந்து 10 நாளுக்குள்ள அரசுக்கு போகணும். ஹைகோர்ட் ரிட் அதுக்கு அப்புறம், அங்கயும் யாருக்கு குடுத்தாங்கன்னு பாக்கறத விட எப்படி முடிவு பண்ணாங்கன்னுதான் பாப்பாங்க, சுப்ரீம் கோர்ட்டோட 1994 டாடா செல்லுலார் தீர்ப்புலருந்து அதுதான் வழக்கம்.

சிசிஐக்கு எப்ப போகலாம்னா, ஒரே ஒரு டெண்டர்ல பிராண்டு பேர் போட்டதுக்கு அங்க போக வேண்டாம், அது ஆபீஸோட தப்பு. அதே நாலு பேரு மாத்தி மாத்தி ஜெயிக்கறாங்க, ரேட்டு வித்தியாசம் எப்பவும் ஒரே மாதிரி இருக்கு, ஒருத்தரோட டெண்டர் பேப்பர்ல இருக்கற எழுத்துப்பிழை இன்னொருத்தர்துலயும் இருக்குன்னா அப்ப போகலாம். தனி ஆளா மனு போட்டா கட்டணம் 5,000 ரூபா, விஷயம் நடந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும், சென்னையிலயே அவங்க தென்மண்டல ஆபீஸ் இருக்கு. வாங்கற ஆபீஸே புகார் குடுக்கலாம், அதுதான் இன்னும் பலம். 2012ல ஹரியானா அரசோட சப்ளைஸ் அண்ட் டிஸ்போசல்ஸ் துறை சிமெண்டுக்கு டெண்டர் கூப்பிட்டப்ப வந்த ரேட்டெல்லாம் பழைய ரேட்ட விட ரொம்ப ஏறியிருந்துச்சு, அந்த துறையே சிசிஐக்கு போச்சு, 2017 ஜனவரில 7 சிமெண்ட் கம்பெனிக்கு சுமார் 206 கோடி அபராதம் போட்டாங்க. நம்ம ஊர் ஈஈ (செயற்பொறியாளர்) எத்தன பேருக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரியும்னு நினைக்கறீங்க?

"கடிதம் எழுதினா நாளைக்கு எனக்கு பில் பாஸ் பண்ண இழுத்தடிப்பாங்களே"ன்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும். இழுப்பாங்க, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் மாவட்டத்துல இருக்கற பிளாக் உற்பத்தியாளர் சங்கம் மூலமா லெட்டர்ஹெட்ல அனுப்பறது நல்லது, தனி ஆள் பேரு வெளிய வராது. ஆனா சங்கத்துல உக்காந்து ஸ்பெசிபிகேஷன் பத்தி மட்டும் பேசுங்க, "அப்ப நாம எல்லாரும் ஸ்கொயர் பீட் இவ்வளவுக்கு கீழ போட வேணாம்"னு யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சு வந்துருங்க, வந்தத மினிட்ஸ்ல எழுத சொல்லுங்க. நேர்ல கடிதம் குடுத்தா நகல்ல சீல், தேதி போட்டு வாங்கிக்கோங்க, போர்ட்டல்ல கேள்வி கேக்க வழி இருந்தா அங்கயும் ஏத்துங்க. எட்டு நாள்ல எத்தன நாள் போச்சுன்னு நீங்க எழுதல, அதனால இத படிச்ச உடனே கெளம்புங்க.