கேள்வி நேரம்: 12 வோல்ட் கேட்டால் 9 வோல்ட் வருவது ஏன்?

எல்இடி ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட் வேண்டும் என்று சிஎச்224கே சிப் உள்ள ட்ரிக்கர் போர்டு (டைப்-சி சார்ஜரிடம் வேண்டிய வோல்ட்டேஜைக் கேட்டு வாங்கும் சின்ன போர்டு) வாங்கினேன். பழைய சார்ஜரில் 12 வோல்ட் வருகிறது. புதிய 65 வாட் சார்ஜரில் 9 வோல்ட்தான். போர்டு பழுதா? (கோவை வாசகர்)

போர்டு நன்றாகவே இருக்கிறது. கேபிளைச் செருகியதும் சார்ஜர் தன்னால் தரமுடிந்த வோல்ட்டேஜ்களின் பட்டியலை அனுப்பும். அதில் ஒன்றைத்தான் ட்ரிக்கர் போர்டு கேட்டு வாங்க முடியும். இன்றைய யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) விதிகளில் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 வோல்ட் கட்டாயமில்லை. தயாரிப்பாளர் விரும்பினால் சேர்க்கலாம். உங்கள் புதிய சார்ஜரில் அது இல்லை, அதனால் சிப் அடுத்த கீழ்ப்படியான 9-க்கு இறங்கிவிட்டது. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். வாட் கணக்கை விட்டுவிட்டு அந்த வரியைப் படித்து வாங்குங்கள்.

27 வாட்டுக்கு மேற்பட்ட எந்தப் பிடி சார்ஜரிலும் வேலை செய்யவேண்டும் என்றால் 15 வோல்ட் கேட்டு வாங்கி, பக் கன்வெர்ட்டரால் (வோல்ட்டேஜைக் குறைக்கும் சுற்று) 12-க்கு இறக்குவதே நல்ல வழி. உங்கள் ஸ்ட்ரிப் 2 ஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 24 வாட். கன்வெர்ட்டரின் திறன் 90 சதவீதம் என்றால் 15 வோல்ட்டில் சுமார் 1.8 ஆம்ப், சாதாரண 3 ஆம்ப் கேபிளே போதும்.

சிஎச்224கே-யில் சிஎஃப்ஜி1 காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் உள்ள ரெசிஸ்டர்தான் வோல்ட்டேஜைத் தீர்மானிக்கிறது: 6.8 கிலோ ஓம் என்றால் 9 வோல்ட், 24 கிலோ ஓம் என்றால் 12, 56 கிலோ ஓம் என்றால் 15. ஒன்றுமே இல்லாவிட்டால் 20. இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஸ்ட்ரிப்புகள் கருகுகின்றன. 24-ஐ எடுத்துவிட்டு 56-ஐ வைக்கும்போது சாலிடர் ஒரு பக்கம் பிடிக்காமல் போனால், சிப்பின் கணக்கில் அங்கே ரெசிஸ்டரே இல்லை. நேராக 20 வோல்ட் கேட்டுவிடும். ஆகவே லோடு எதுவும் இணைக்காமல் முதலில் மல்டிமீட்டரில் 15 வருகிறதா என்று பாருங்கள். பிறகு கன்வெர்ட்டரை மட்டும் இணைத்து 12-க்குத் திருகி வையுங்கள். ஸ்ட்ரிப் கடைசியில்தான். கன்வெர்ட்டரின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் 16 வோல்ட் ரகமாக இருந்தால் 35 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

நானே வடிவமைத்த இஎஸ்பி32 (மைக்ரோகன்ட்ரோலர்) போர்டில் டைப்-சி சாக்கெட் வைத்தேன். ஏ-டு-சி கேபிளில் ஓடுகிறது, சி-டு-சி கேபிளில் உயிரே இல்லை. (திருச்சி வாசகர்)

சாக்கெட்டின் சிசி1, சிசி2 கால்களிலிருந்து (எதிரே சாதனம் இருக்கிறதா என்று சார்ஜர் பார்க்கும் கால்கள்) கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தீர்களா? ஏ போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். டைப்-சி சார்ஜரோ, மறுமுனையில் இந்த ரெசிஸ்டர் தெரிந்தால்தான் வோல்ட்டேஜையே திறந்துவிடும்.

இரண்டு கால்களுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் முடிக்காதீர்கள். 2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியின் முதல் பதிப்பில் இதே தவறு நடந்தது. அடையாளச் சிப் உள்ள கேபிள்கள் ஒரு சிசி முனையில் சுமார் 1 கிலோ ஓம் காட்டும். அது பொது ரெசிஸ்டரோடு இணையும்போது, எதிரே இருப்பது ஆடியோ அடாப்டர் என்று சார்ஜர் முடிவுகட்டி மின்சாரம் தராமல் விட்டுவிட்டது. அடுத்த திருத்தப் பதிப்பில் சரிசெய்தார்கள்.

ரெசிஸ்டர் வைத்தபின் சிசி காலில் அளந்து பாருங்கள். செருகியிருக்கும் பக்கத்தைப் பொறுத்து ஒன்றில் மட்டும் வோல்ட்டேஜ் வரும். சுமார் 0.4 என்றால் சாதாரண யுஎஸ்பி அளவு மின்னோட்டம்தான், 0.9 என்றால் 1.5 ஆம்ப், 1.7 என்றால் 3 ஆம்ப் தரச் சார்ஜர் தயார். பிளக்கைத் திருப்பிச் செருகினால் மட்டும் ஓடுகிறது என்றால், ஒரு ரெசிஸ்டரின் சாலிடர் சரியில்லை.

சார்ஜரைச் செருகினால் விளக்கு மினுக்கி மினுக்கி அணைகிறது. போர்டில் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது. (சேலம் வாசகர்)

அந்தக் கெப்பாசிட்டர்தான் காரணமாக இருக்கும். செருகும் நேரத்தில் சாதனத்தின் பக்கம் 10 மைக்ரோ ஃபாரட்டுக்கு மேல் நேரடியாக இருக்கக்கூடாது என்பது விதி. காலியான பெரிய கெப்பாசிட்டர் அந்தக் கணத்தில் ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். சார்ஜர் தற்காப்புக்கு அணைந்து, மறுபடி முயன்று, மறுபடி அணையும். சாக்கெட்டுக்கு அருகில் 10 மைக்ரோ ஃபாரட் மட்டும் வைத்து, பெரியதை மெதுவாகத் திறக்கும் லோட் ஸ்விட்ச்சுக்குப் பின்னால் தள்ளுங்கள்.

ராஸ்பெர்ரி பை 5-க்கு 65 வாட் லேப்டாப் சார்ஜர் போட்டும் மின்சாரம் போதவில்லை என்று எச்சரிக்கை வருகிறதே? (மதுரை வாசகர்)

65 வாட் என்பது 20 வோல்ட்டில் கிடைப்பது. பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்ப். பெரும்பாலான சார்ஜர்கள் 5 வோல்ட்டில் 3 ஆம்ப்தான் தரும். அப்போது பை தன் யுஎஸ்பி போர்ட்டுகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்ப் மட்டுமே ஒதுக்கும். கீபோர்டு, மவுஸ் வைத்து ஓட்ட அதுவே போதும். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இணைப்பதாக இருந்தால் 5.1 வோல்ட், 5 ஆம்ப் தரும் 27 வாட் அதிகாரப்பூர்வ அடாப்டரையே வாங்குங்கள்.