பொத்தானை அழுத்தியும் பழைய கேமரா மசியவில்லையா?

கேள்வி: சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு மளிகைக் கடையை எடுத்து நடத்துகிறேன். முன்பிருந்தவர் விட்டுப்போன நான்கு பழைய ஆக்சிஸ் நிறுவன நெட்வொர்க் கேமராக்கள் இருக்கின்றன. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. ரீசெட் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தியிருப்பீர்கள். மின்சாரம் ஏறும் நேரத்தில் பொத்தான் அழுந்தியிருந்தால்தான் ஃபேக்டரி ரீசெட் நடக்கும், அதாவது பாஸ்வேர்டு உட்பட அமைப்புகள் ஆதி நிலைக்குத் திரும்பும். தனி அடாப்டர் இல்லாமல் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் போகிற பிஓஇ வகை என்றால், கேபிளைப் பிடுங்கினால்தான் கேமரா அணையும்.

ஏணியில் நின்றபடி இதைச் செய்ய வேண்டாம், கை போதாது. கேமராவைக் கழற்றி, கேபிளுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பிஓஇ சுவிட்சுக்குப் பக்கத்தில் மேசையில் வையுங்கள். பொத்தான் சிறு துளைக்குள் இருந்தால் கைபேசியின் சிம் தட்டைத் திறக்கும் ஊசி உதவும். கேபிள் இல்லாத நிலையில் பொத்தானை அழுத்திப் பிடித்து, அப்படியே கேபிளைச் செருகுங்கள். விளக்கு அம்பர் நிறத்தில் மினுக்கும்வரை விடக்கூடாது. 15 முதல் 30 வினாடி ஆகலாம். விட்டபின் ஒரு நிமிடம் பொறுத்தால் பச்சை எரியும்.

பச்சை எரிந்தும் கேமராவைக் காணோமே என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். ரீசெட் சரியாகவே ஆகியிருக்கும், நெட்வொர்க்கில் அதன் முகவரிதான் (ஐபி எண்) மாறியிருக்கும். ரூட்டர் முகவரி கொடுத்தால் கேமரா அதை வாங்கிக்கொள்ளும். கொடுக்க ஆளில்லை என்றால் பழைய ஆக்சிஸ் 192.168.0.90-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே முதலில் ரூட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். ஆக்சிஸில் ஸ்டிக்கரிலுள்ள சீரியல் எண்ணும் மேக் முகவரியும் (கருவிக்கென்றே உள்ள அடையாள எண்) ஒன்றே என்பதால் அடையாளம் காண்பது சுலபம்.

அதில் இல்லையென்றால் லேப்டாப்பையும் கேமராவையும் மட்டும் சுவிட்சில் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்புக்கு 192.168.0.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று நெட்வொர்க் அமைப்பில் கையால் கொடுங்கள். பிறகு பிரவுசரில் 192.168.0.90 என்று தட்டுங்கள் (ரூட்டர் பட்டியலில் கிடைத்திருந்தால் அந்த முகவரியை). ஒரு நேரத்தில் ஒரு கேமராதான். நான்கையும் சேர்த்துச் செருகினால் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும். (வேறு நிறுவனக் கேமரா, தாஹுவாவாக இருந்தால் 192.168.1.108, பழைய ஹிக்விஷன் என்றால் 192.0.0.64. அவற்றில் ரீசெட் செய்யும் முறையும் மாடலுக்கு மாடல் வேறு.)

பழைய ஃபர்ம்வேரில் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) பயனர் பெயர் 'ரூட்' (root), பாஸ்வேர்டு 'பாஸ்' (pass), இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். உள்ளே போனதும் மாற்றிவிடுங்கள். பக்கம் திறந்தும் படம் வராவிட்டால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்துப் பக்கங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை நிரலை நம்பியவை, அந்த பிரவுசரோ 2022 ஜூனில் ஓய்வுபெற்றுவிட்டது. எட்ஜ் பிரவுசரில் உள்ள ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்புளோரர்) முறையில் திறந்து பாருங்கள்.

கைபேசியில் பார்க்கலாமே என்று ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடுவது மட்டும் வேண்டாம். புதுப்பிப்பு நின்றுபோன கேமராவை இணையத்துக்கு நேராகக் காட்டுவது ஆபத்து. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் கேமராக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் வெளிவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கடைக்குள் இருக்கும் ரெக்கார்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேமராவில் மெமரி கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீசெட் செய்ததால் முன்பிருந்தவரின் பதிவுகள் போய்விட்டன என்று எண்ண வேண்டாம். கார்டைத் தனியாக ஃபார்மட் செய்யுங்கள்.