செடி நார் கலந்த தெளிந்த பிளாஸ்டிக்: கேட்டவர்களுக்குப் பதில்

பொங்கோல் வாசகர்: நார் கலந்தால் பிளாஸ்டிக் மங்கிவிடாதா?
நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். செடி நாரை மிக நுண்ணியதாகப் பிரித்தெடுத்த நானோசெல்லுலோஸ் இழையின் தடிமனோ பெரும்பாலும் 5 முதல் 20. இவ்வளவு மெல்லிய இழை ஒளியை அதிகம் சிதறடிக்காது. நார் கலக்கும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) 1.49, நாரில் உள்ள செல்லுலோஸுடையதும் 1.5-ஐ ஒட்டித்தான்; அதனாலும் மங்கல் குறையும்.

வம்பு கலக்கும்போதுதான். செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் உயிர், பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஒருமுறை அவசரத்தில் நார்க்கூழை அடுப்பில் காயவைத்துக் கலந்தேன். இழைகள் ஒட்டிக் கட்டியாகி, படலம் நீராகாரம் மாதிரி வந்தது. அடுத்த முறை, காயவிடாமல் ஈரத்தைப் படிப்படியாக அசிட்டோனுக்கு மாற்றினேன். படலத்தைச் செய்தித்தாள் மேல் வைத்தால் பொடி எழுத்தும் படிக்கலாம்.

தெம்பனிஸ்: தூக்கிப் போட்டால் மக்கிவிடுமா?
அக்ரிலிக் மக்காது, எந்த நார் கலந்தாலும். சோளத்திலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கூட 58 டிகிரி சூட்டு உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். நம் சிங்கப்பூர்க் குப்பை எரிந்து, சாம்பல் செமக்காவ் தீவின் குப்பைநிலத்துக்குப் போகிறது. ‘தாவரம்’ என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள். லாபம் வேறு: நாரால் உறுதி கூடினால் மெல்லியதாக வார்க்கலாம், பிளாஸ்டிக் குறையும்.

ஈசூன்: பிஎல்ஏ குவளையில் சூடான கோப்பி?
60 டிகிரியிலேயே இளகும். நார் விறைப்பைக் கூட்டும். இந்த எல்லையைப் பெரிதாக நகர்த்தாது.

கேலாங்: டுரியான் தோலிலிருந்து நார் எடுக்கலாமே?
எடுக்கலாம். நிறம் தரும் லிக்னினை முதலில் நீக்க வேண்டும்.

பீஷான் (குறுக்கே): அதற்கு ரசாயனம் செலவாகிறதே, இதில் எங்கே பசுமை?
சரியான அடி. ரசாயனம், கழுவும் தண்ணீர், நாரைப் பிரிக்கும் மின்சாரம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். அதனால்தான் காகித ஆலைகளில் ஏற்கெனவே வெளுத்துக் கிடைக்கும் மரக்கூழையே பலர் எடுக்கிறார்கள்.

கேலாங்: ஆனால் தோல் ஓசி!
தோல் ஓசி ஐயா, தண்ணீர் ஓசியா? வேண்டுமானால் தோல் குவியும் இடத்திலேயே ஆலை வையுங்கள், லாரிச் செலவாவது மிச்சம்.

பீஷான்: அப்படியானால் கண்ணாடியே போதுமே?
திருப்பிக் கழுவிப் பயன்படுத்துவதாக இருந்தால், போதும். சன்னல் படலத்துக்குப் போதாது.

உட்லண்ட்ஸ்: இது மக்குமா?
தெம்பனிஸுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜூரோங்: மக்கும் என்று பையில் அச்சிட்டிருக்கிறதே?
மேலே. மேலே!

செங்காங்: வீட்டில் செய்து பார்க்கலாமா?
நாரிலிருந்து செல்லுலோஸின் நானோ படிகம் (மிகச் சிறு துகள்) எடுக்க வழக்கமாக 64 சதவீதக் கந்தக அமிலம் வேண்டும். சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.