தீர்க்கதரிசி என்று ஏன் சொல்லவில்லை?

கேள்வி: அணுகுண்டையும் டாங்கியையும் முன்கூட்டியே கண்டு எழுதிய எச். ஜி. வெல்ஸைச் சென்ற இதழில் வெறும் கதாசிரியர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். தீர்க்கதரிசி என்று சொல்ல உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை? அவருடைய எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'வெறும்' என்ற சொல் உங்களுடையது. நான் எழுதியது 'கதாசிரியர்' மட்டுமே. அதையும் புகழாகத்தான் எழுதினேன்.

முதலில் அந்த அணுகுண்டைப் பார்ப்போம். 1914இல் வெளிவந்த 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' நாவலில் அந்தப் பெயரிலேயே ஒரு குண்டு வருகிறது. விமானத்தில் இருப்பவன் அதன் கைப்பிடிகளுக்கு நடுவே உள்ள செல்லுலாய்டு குமிழைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு, குண்டைக் கையால் தூக்கிக் கீழே போடுகிறான். அது ஒரே கணத்தில் வெடித்து முடியாமல் நாள்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கிறது. ஹிரோஷிமாவில் விழுந்தது இதுவல்ல. ரேடியம் பற்றி ஃபிரெடெரிக் சாடி என்ற வேதியியலாளர் எழுதிய நூலின் பதினோராம் அத்தியாயத்துக்குத் தாம் பட்ட கடனை வெல்ஸே சமர்ப்பணப் பக்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஞானதிருஷ்டி உள்ளவர் எவரும் அத்தியாய எண் போட்டு நன்றி சொல்வதில்லை. மேலும், 1932இல் இந்த நாவலைப் படித்த லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர்தான் மறு ஆண்டு லண்டனில் ஓர் அணுவில் நிகழும் வினை அடுத்தடுத்த அணுக்களைத் தூண்டிக்கொண்டே போகும் அணுத் தொடர்வினை பற்றிய எண்ணத்தை எட்டினார். பிறகு அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்திலும் பணியாற்றினார். படித்தவரே செய்வதற்கு வழி கண்ட பிறகு, அதை எழுதியவரின் ஜோசியம் பலித்தது என்று எப்படிக் கணக்கெழுதுவது?

டாங்கிக் கதையும் இப்படியே: 1903இல் எழுதிய அந்தச் சிறுகதையில், இயந்திரத்தின் கால்வைத்த சக்கரங்களை வடிவமைத்தவர் டிப்லாக் என்று, நிஜமாகவே இருந்த பொறியாளரின் பெயரையே சொல்லிவிடுகிறார். பலிக்காதவற்றையும் எண்ண வேண்டாமா? நீர்மூழ்கிக் கப்பல் தன் மாலுமிகளை மூச்சுத் திணறவைத்து மூழ்கிப்போவதைத் தவிர வேறெதையும் செய்வதாகத் தம்மால் கற்பனை செய்ய முடியவில்லை என்று 1901இல் எழுதியவரும் இவரேதான்.

வெல்ஸின் பலம், கண்ணெதிரே இருப்பதைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவதில் இருந்தது. 1866இல் பிராம்லி என்ற ஊரில், நொடித்துப்போன பீங்கான் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தார். பதின்ம வயதில் சவுத்சீ ஜவுளிக்கடையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். உதவித்தொகை பெற்று லண்டனுக்குப் போய், டார்வினின் தளபதி எனத்தக்க ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். 1895இல் 'தி டைம் மெஷின்' வந்த ஆண்டில் வோக்கிங் என்ற சிற்றூரில் குடியேறி, சைக்கிளில் சுற்றிச் சுற்றி, தம் அடுத்த கதையில் பூமியைத் தாக்கவரும் செவ்வாய்வாசிகள் எந்தெந்த இடத்தை அழிக்க வேண்டும் என்று குறித்துவைத்தார். அக்கம்பக்கத்தாரை விதவிதமாகக் கொன்றுகொண்டிருப்பதாகக் கடிதத்தில் எழுதும் அளவுக்கு அதில் அவருக்குக் குஷி! அப்படி உருவானதுதான் 1898இல் நூலாக வந்த 'தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்'. அதன் முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்வாசிகளைக் கொடியவர்கள் என்று சொல்லுமுன், ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியத் தீவின் மக்களைத் துடைத்தழித்ததை நினைத்துப் பாருங்கள் என்கிறார். பிரிட்டிஷ் பேரரசின் உச்சத்தில், அதன் தலைநகரத்தாரையே மூட்டை முடிச்சுகளோடு கடற்கரைக்கு ஓடும் அகதிகளாக்கி, அந்த ஓட்டத்தை அவர்களையே காசு கொடுத்து வாங்கிப் படிக்கவும் வைத்தார். வேற்றுலகத்தார் கடைசியில் பீரங்கியால் சாகாமல் நுண்ணுயிர்களால் சாவதில் ஹக்ஸ்லியின் வகுப்பறை தெரிகிறது. இவற்றில் எதற்கும் எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த நூலிலிருந்தே தொடங்குங்கள். பிறகு 'தி டைம் மெஷின்'. முதல் உலகப் போருக்குப் பின் எழுதிய நாவல்களில் பெரும்பாலும் பிரசங்கம் கதையை விழுங்கிவிட்டதால், அவசரமில்லை. தீர்க்கதரிசியைத்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், நீர்மூழ்கியைப் பற்றிச் சொன்ன அதே 'ஆன்டிசிபேஷன்ஸ்' நூலின் இறுதி அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். வருங்காலத்தின் திறமைத் தேவைகளுக்கு ஈடுகொடுக்காத கறுப்பு, பழுப்பு, மஞ்சள் நிற மக்கள் மறைந்தே ஆக வேண்டும் என்று, டாஸ்மேனியர்களுக்காகப் பேசிய மூன்றே ஆண்டுகளில், அங்கே எழுதியிருக்கிறார். பழுப்பு நிறத்தில் நீங்களும் நானும் அடக்கம்.