நாணயமானவர் செய்த போலி நாணயம்

கேள்வி: அம்மா, எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை பழைய உலகப் படங்களைத் திரையிட்டுப் பார்க்கிறோம். படத்தைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. சென்ற மாதம் 1955இல் வெளிவந்த ‘கல்பிகி லீரா’ என்ற கிரேக்கப் படத்தைப் போட்டேன். முதல் பாதியில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நெளிய ஆரம்பித்தார்கள். நான்கு பேர் எழுந்தே போய்விட்டார்கள். “இது சிரிப்புப் படமா, அழுகைப் படமா? பணம் பொய் என்று சொல்ல இவ்வளவு நேரம் வேண்டுமா?” என்று எங்கள் செயலாளர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் படம் எனக்குப் பிடித்திருந்தது. கிரேக்கர்கள் இதை இன்றும் கொண்டாடுவதற்கு என்ன காரணம்? மறுபடி திரையிட்டால் வருவார்களா? அல்லது பேசாமல் விட்டுவிடட்டுமா?
— வே. ச., திருநெல்வேலி

பதில்:

தம்பி, எழுந்து போன நால்வர் மேல் கோபப்படாதீர்கள். விளக்கை அணைப்பதற்கு முன்பு நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய ஒரு செய்தி விட்டுப்போயிருக்கிறது. தலைப்பிலுள்ள ‘லீரா’வை இத்தாலிக்காரர்களின் பழைய பணம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அது நம்முடைய சவரன்.

உபமானமாகச் சொல்லவில்லை. அதே காசுதான். ஏறத்தாழ 8 கிராம் எடை, 22 காரட் தங்கம், ஒரு பக்கம் இங்கிலாந்து அரசரின் தலை, மறு பக்கம் குதிரை மேலிருந்து டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ். ‘சாவரின்’ என்ற அந்தக் காசின் பெயர்தான் நம் நாக்கில் சவரனாகத் தேய்ந்தது. என் பாட்டியின் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தது. குதிரைக்காரன் காசு என்பாள். கையில் வைத்துப் பார்க்கக் கேட்டால் தருவாள். திருப்பி வாங்கும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். அந்தக் கண்ணோடு படத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும். ‘கல்பிகி’ என்றால் போலி. ஆக, ‘போலிச் சவரன்’ என்பது படத்தின் பெயர்.

இனி, 1955இல் ஏதென்ஸில் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் சட்டைப் பையைக் கொஞ்சம் பார்ப்போம். 1941இல் ஜெர்மானியர்கள் கிரேக்கத்தைப் பிடித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸின் தெருக்களில் மக்கள் பசியால் விழுந்து செத்தார்கள். காகிதப் பணம் குப்பையானது. 1944 நவம்பரில் கிரேக்கப் பணமான டிராக்மாவைப் புதிதாக வெளியிட்டபோது, பழைய டிராக்மா 5,000 கோடி கொடுத்தால் புதியது ஒன்று கிடைத்தது. எழுத்துப் பிழை இல்லை, 5,000 கோடிதான். அதற்குப் பிறகு 1949 வரை உள்நாட்டுப் போர். 1953 ஏப்ரலில் ஒரே நாளில் டாலருக்கு 15,000 டிராக்மா என்பது 30,000 ஆனது. அடுத்த ஆண்டு மே மாதம் மூன்று பூஜ்யங்களை வெட்டி எறிந்தார்கள். இந்தக் களேபரத்தில் மக்கள் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: அந்தக் குதிரைக்காரன் காசை. வீட்டின் விலையையே லீராக் கணக்கில் பேசினார்கள். மலைகளில் ஜெர்மானியரை எதிர்த்துப் போராடியவர்களுக்கு ஆங்கிலேயர் அனுப்பிய உதவியிலும் இந்தக் காசுகள்தாம் இருந்தன.

அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட ஆண்டில், இயக்குநர் யோர்கோஸ் ட்சவெல்லாஸ் வந்து, “நீங்கள் நம்பும் அந்தக் காசும் போலியாக இருந்தால்?” என்று கேட்கிறார். காகித நோட்டு போலி என்று சொன்னால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், அது எல்லோரும் பட்டு அறிந்தது. தங்கத்தில் கை வைத்தார் பாருங்கள், அந்தத் துணிச்சலில்தான் சிரிப்பு பிறந்தது. உங்கள் செயலாளர் சொல்வது போல ‘பணம் பொய்’ என்ற கருத்து பழசுதான், நம் சித்தர்கள் பாடாததா. வயிற்றில் ஈரத்துணி கட்டிப் பிழைத்தவர்கள், கட்டிய துணி காய்வதற்குள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதுதான் எனக்குப் புதிதாகப் படுகிறது.

ஒரே போலிக் காசு கை மாறிக்கொண்டே போகும் நான்கு கதைகள்தான் படம். அவற்றில் முதல் கதையை மட்டும் மறுபடி ஒருமுறை பாருங்கள். உலோகத்தில் எழுத்து வெட்டிப் பிழைக்கும் ஒரு யோக்கியர். பெயர் அனார்கிரோஸ். கிரேக்கத்தில் அதற்கு ‘வெள்ளிக்காசு இல்லாதவர்’ என்று பொருள். கூலி வாங்காமல் நோய் தீர்த்த புனிதர்களுக்கு அவர்கள் சபை கொடுத்த பட்டம் அது. காசு வாங்காத புனிதரின் பெயரை வைத்துக்கொண்டு, ஓர் அழகியின் பேச்சில் மயங்கி, இவர் கள்ளக் காசு அடிக்கக் கிளம்புகிறார். கிரேக்கர்கள் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிடுவார்கள். நமக்கு அந்த வசதி வேறு வழியில் இருக்கிறது. தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. நாணயமானவர் போலி நாணயம் செய்கிறார் என்று சொல்லிப் பாருங்கள், ட்சவெல்லாஸுக்கே கிடைக்காத சிலேடை நமக்கு இனாமாகக் கிடைக்கிறது.

அனார்கிரோஸாக நடித்த வாசிலிஸ் லோகொதெதீதிஸ் மேடையில் பழுத்த நடிகர். 1960இல் மறைந்தார். சிரிப்பு மூட்டுவதற்காக அவர் எதையும் செய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம். காசு வேலைப்பாட்டில் குறை இல்லை, செய்தவர் முகத்தில்தான் குறை தெரிகிறது. பொய் சொல்லிப் பழகாத மனிதர் பொய்க் காசைச் செலவழிக்கப் புறப்படுவதை அவர் நடிக்கும்போது கைகளைக் கவனியுங்கள். நல்ல காசை நாம் எப்படிக் கொடுக்கிறோம்? பார்க்காமல் கொடுக்கிறோம். போலிக் காசைக் கொடுப்பவர் பார்க்காமல் கொடுப்பது போல நடிக்க வேண்டும். அந்த நடிப்பு வராத மனிதரை ஒரு பெரிய நடிகர் நடித்துக் காட்டுகிறார். இதற்குத் திரையின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளே வேண்டியதில்லை.

இரண்டாவது கதையில், கண் நன்றாகத் தெரியும் ஒரு ‘குருட்டு’ப் பிச்சைக்காரரும் தெருவில் நிற்கும் ஒரு பெண்ணும் ஒரே மூலைக்குச் சண்டை போடுகிறார்கள். மீமிஸ் ஃபொதோபுலோஸும் ஸ்பெரான்சா வ்ரானாவும் வாய்ச்சண்டையில் பின்னுகிறார்கள். பொய்க் குருடன் கையில் பொய்க் காசு, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மூன்றாவது கதை கஞ்சரான ஒரு வீட்டுக்காரரும் ஏழைச் சிறுமியும். ஒரெஸ்டிஸ் மக்ரிஸ் நன்றாகத்தான் செய்திருக்கிறார், ஆனாலும் எனக்கு அதில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். உங்கள் நண்பர்கள் நெளிந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். நானும் நெளிந்தேன். கதைசொல்லியின் குரல் அவ்வப்போது வந்து உபதேசம் செய்வதையும் இன்று பார்க்கும்போது குறைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பிடித்த படத்தில் பிடிக்காததை மறைக்க வேண்டாம், தம்பி. மறைத்துத்தான் நீங்கள் செயலாளரிடம் வாயடைத்து நின்றீர்கள்.

ஆனால் நால்வரும் நான்காவது கதையைப் பார்க்காமல் போனார்களே, அதுதான் எனக்கு வருத்தம். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓர் ஏழை ஓவியனோடு வருகிறாள். முடிவை இங்கே எழுதப் போவதில்லை. நடித்தவர்கள் எல்லி லம்பெத்தியும் திமித்ரிஸ் ஹோர்னும். படம் எடுத்தபோது இருவரும் நிஜ வாழ்க்கையிலும் காதலர்கள், ஒன்றாக நாடகக் குழு நடத்தியவர்கள். 1959இல் பிரிந்துவிட்டார்கள். லம்பெத்தி 1983இல் இறந்தார், ஹோர்ன் 1998இல். இன்று இதைப் பார்க்கும் கிரேக்கர் ஒவ்வொருவருக்கும் அந்தச் செய்தி தெரியும். இயக்குநர் எழுதிய கதைக்கு மேல் காலம் இன்னொரு கதையை எழுதிவிட்டது. மனோஸ் ஹட்ஸிதாகிஸின் இசை ஒலிக்க, திரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்போது, இந்தப் பார்வை நடிப்பா நிஜமா என்று உரைத்துப் பார்க்கக் கல் ஏது? சென்ற நூற்றாண்டின் நடுவில் வந்த எத்தனையோ படங்கள் பெட்டிக்குள் கிடக்க, இது மட்டும் வீட்டுக்கு வீடு பேசப்படுவதற்கு இந்தக் கடைசிப் பகுதி ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சிரிப்புப் படமா அழுகைப் படமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நான்கு கதைகளையும் இயக்குநர் வரிசைப்படுத்தியிருக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் வயிறு குலுங்கும் சிரிப்பு, பிறகு வாய்க்குள் சிரிப்பு, பிறகு தொண்டையில் ஏதோ அடைப்பது போல. ஒரே காசு கை மாற மாற, நம் சிரிப்பின் மாற்றுக் குறைந்துகொண்டே வருகிறது. முதல் கதையின் வேகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு மூன்றாவதில் கால் மரத்துப் போகத்தான் செய்யும்.

மறுபடி போடுங்கள். ஆனால் இப்படிப் போடுங்கள். தொடக்கத்தில் ஐந்தே நிமிடம் சவரனைப் பற்றியும் அந்த 5,000 கோடியைப் பற்றியும் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கிரேக்கர்களுக்கு ஒரு புத்தாண்டு வழக்கம் உண்டு. ரொட்டிக்குள் ஒரு காசை ஒளித்து வைத்துச் சுட்டு, கிறிஸ்துவுக்கு ஒரு துண்டு, வீட்டுக்கு ஒரு துண்டு, பிறகு ஆளுக்கொன்று என்று அறுப்பார்கள். காசு யாருக்கு வருகிறதோ அவருக்கு அந்த ஆண்டு அதிர்ஷ்டம். இதையும் ஒரு வரி சொல்லி வையுங்கள், பின்பாதிக்கு உதவும். இரண்டாவது கதை முடிந்ததும் நிறுத்திவிட்டுத் தேநீர் கொடுங்கள். பசியோடு யாரும் மூன்றாவது கதையைப் பார்க்கக் கூடாது. கதைசொல்லியின் வசனத்தைத் தமிழில் முன்கூட்டியே எழுதி, நல்ல குரலுள்ள ஒருவரைப் பக்கத்தில் நின்று வாசிக்கச் சொல்லலாம். உங்கள் ஊரில் கதை சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? படம் முடிந்ததும் கலந்துரையாடல் என்று யாரையும் பிடித்து உட்கார வைக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் தெருவில் நகைவேலை செய்யும் ஆசாரி யாராவது இருந்தால் அவரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். முதல் கதையில் மற்றவர்கள் சிரிக்காத இடத்தில் அவர் சிரிப்பார். ஏன் சிரித்தார் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.